அலுமாரிக்குள் பிந்துனுவெவ

பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலையில். அந்த மண் நம்பத்தக்கதல்ல, லயத்துச் சனத்தை வேறிடம் கொண்டுபோங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே சொல்லிவிட்டது. 2011இல் மறுபடியும் சொன்னது. சொன்னதெல்லாம் கோப்பில் பத்திரமாக இருந்தது. சனம்தான் மண்ணுக்குள் போனது.

கொஸ்லாந்தையிலிருந்து பண்டாரவளைப் பக்கம் ஏறினால், அதே பதுளை மாவட்டத்துக்கு இன்னொரு ஒக்டோபர் கோப்பும் உண்டு. அது யுத்த காலத்துக் கோப்பு.

பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். புலிகளோடு தொடர்பென்று பிடிபட்டவர்களும் தாமாகச் சரணடைந்தவர்களுமாகத் தமிழ் இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2000 ஒக்டோபர் 24 மாலை முகாமுக்குள் தகராறு. மறுநாள் காலை கத்தியும் பொல்லுமாக ஒரு பெருங்கூட்டம் உள்ளே புகுந்து வெட்டியது, அடித்தது, தீ வைத்தது. ஆயுதமேந்திய பொலிஸார் அறுபது பேரளவில் அங்கேயே நின்றார்கள். செத்தவர்கள் 27 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அரசின் காவலில், அரசின் கூரைக்குக் கீழே நடந்தது இது.

2001இல் நீதியரசர் பி.எச்.கே. குலதிலக தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. சாட்சி கேட்டது, அறிக்கை எழுதியது, ஜனாதிபதியிடம் கொடுத்தது. அரசு அதை அச்சிட்டு வெளியிடவேயில்லை. வழக்கு வேறு பாதையில் போனது: 2003இல் மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது, அவர்களில் இருவர் பொலிஸார். 2005இல் உயர் நீதிமன்றம் எஞ்சியிருந்தவர்களையும் விடுவித்தது. ஆக, குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. அறிக்கை மட்டும் இருக்கிறது.

மறைக்க வேண்டிய காகிதத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? கொளுத்திவிட்டால் போயிற்றே!

கொளுத்துகிறவர்களும் உண்டு. 1978 முதல் 1980 வரையிலான இலங்கை பற்றிய கோப்புகளில் ஏறத்தாழ 200ஐப் பிரித்தானிய வெளியுறவு அமைச்சு அழித்துவிட்டது 2018இல் அம்பலமானது. அதே அமைச்சுதான் கென்யாவின் மாவ் மாவ் காலத்துச் சித்திரவதைக் கோப்புகளை அரை நூற்றாண்டு ஒளித்து வைத்திருந்தது. 2011இல் அவை வெளியே வந்தன. 2013இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கென்யர்களுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டி வந்தது.

வைத்திருப்பதற்குக் காரணம் மனச்சாட்சி என்று நான் நம்பவில்லை. கீழே இருக்கும் உத்தியோகத்தருக்குக் கோப்புதான் கவசம்: ‘நான் மேலே அறிவித்தேன், இதோ கையொப்பம்.’ மேலே இருப்பவருக்கு அது பிடி. இன்றைய கூட்டாளி நாளை எதிரியானால் தேவைப்படும். 1948ஆம் ஆண்டின் விசாரணை ஆணைக்குழுச் சட்டமும் இதற்குத் தோது. அறிக்கையை வெளியிட்டே ஆகவேண்டும் என்று அது ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தவில்லை. மூதூரில் 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் கொல்லப்பட்டதை விசாரித்த உதலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009இல் அப்போதைய ஜனாதிபதி மஹிந்தவிடம் போனது. ஆட்சி கைமாறி, 2015 ஒக்டோபரில்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது.

இன்னும் தெளிவான உதாரணம் பட்டலந்த. எண்பதுகளின் இறுதியில் ஜே.வி.பி. இளைஞர்கள் சித்திரவதைக்குள்ளான அந்த வீடமைப்புத் திட்டம் பற்றி, 1995இல் ஜனாதிபதி சந்திரிகா அமைத்த ஆணைக்குழு 1998இல் அறிக்கை கொடுத்தது. அச்சிலும் வந்து, யாரும் தொடாமல் கிடந்தது. 2025 மார்ச்சில் திடீரெனப் பாராளுமன்ற மேசைக்கு வந்துவிட்டது. அறிக்கையில் பெயர் அடிபடும் முன்னாள் ஜனாதிபதி ரணில் அப்போது பதவியில் இல்லை. செத்துப்போன பிள்ளைகளின் கட்சி ஆட்சியில் இருந்தது.

பிந்துனுவெவவில் செத்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கட்சி கிடையாது. அவர்களுடைய அறிக்கையைக் காட்டி மிரட்டக்கூடிய போட்டியாளரும் கொழும்பில் எவருக்கும் இல்லை. குலதிலகவின் காகிதங்களை எந்த ஜனாதிபதியும் தேடி எடுக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.