சிவப்பு மட்டும் போதாது

1953 மே 6 அன்று, ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில், பதினெட்டு வயதுப் பெண்ணின் இதயத்தைத் திறந்து மேலறைகளுக்கு இடையிலிருந்த ஓட்டையைத் தைத்து மூடினார் ஜான் கிப்பன். 26 நிமிடங்கள் அவளுடைய இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓர் இயந்திரம் வேலை பார்த்தது. மனைவி மேரியோடு சேர்ந்து 1930களில் பூனைகளை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியின் பலன் அது. ஆனால் அதன்பின் அதே இயந்திரத்தை நம்பிப் படுத்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கிப்பன் அதைக் கைவிட்டார்.

மினியாபொலிஸில் வால்டன் லில்லிஹை 1954இல் இயந்திரமே வேண்டாமென்று வேறு வழி பார்த்தார். குழந்தையின் ரத்தக் குழாய்களை இன்னொருவருடைய, பெரும்பாலும் பெற்றவருடைய, குழாய்களோடு இணைத்தார். ஆக்ஸிஜன் ஏற்றுவது, கரியமில வாயுவை நீக்குவது, கூடிப்போன அமிலத்தைச் சரிக்கட்டுவது எல்லாம் அந்த இன்னொருவருடைய உடலின் பொறுப்பு. அன்றைக்கு எந்தக் கருவியும் ரத்தத்தை அவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்டிருக்காது. 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். என்ன, ஒரு சிகிச்சைக்கு இரண்டு உயிர் பணயம்!

இதற்கிடையே ஒஹாயோவில் லேலண்ட் கிளார்க் என்ற உயிர்வேதியியலாளர், ரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைக் குமிழிகளாக விட்டு, நுரையைச் சிலிக்கோனால் அடக்கும் கருவியைச் செய்திருந்தார். கறுத்த ரத்தம் பளிச்சென்று சிவந்தது. கட்டுரை எழுதி அனுப்பினார், திரும்பி வந்தது. வெளிவரும் ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியவில்லையாம்.

நியாயமான மறுப்புதான். அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொடும்போதே ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதற்குமேல் 500 ஆனாலும் கண்ணுக்கு அதே சிவப்பு. பிளாட்டினம் மின்முனையால் அளக்கலாம் என்றால், ரத்தத்தின் புரதங்கள் அதில் படிந்து கெடுத்துவிடும். 1954இல் கிளார்க் மின்முனைகளை மெல்லிய பாலித்தீன் படலத்துக்குள் அடைத்தார். ஆக்ஸிஜன் ஊடுருவும், புரதம் நுழையாது. உண்டாகும் மின்னோட்டமே அளவு.

திசுக்களுக்குப் போதிய ஆக்ஸிஜன் போகிறதா என்பது இன்னொரு கேள்வி. போகாவிட்டால் லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தத்தின் பிஹெச் இறங்கும். ரிச்சர்ட் ஸ்டோவின் கரியமில வாயு மின்முனையைச் செம்மைப்படுத்திய ஜான் செவரிங்ஹாஸ், 1950களின் இறுதியில் அதையும் கிளார்க்கின் மின்முனையையும் பிஹெச் அளவியையும் ஒரே கருவிக்குள் கொண்டுவந்தார்.

கிளார்க் அத்தோடு நிற்கவில்லை. இதய அறுவை சிகிச்சையின்போது ரத்தத்தை இடைவிடாமல் அளப்பது பற்றி 1962இல் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், மின்முனையோடு ஒரு நொதியைச் சேர்த்தால் சர்க்கரையையும் அளக்கலாம் என்றார். நீரிழிவுக்காரர்கள் இன்று வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் சர்க்கரைமானி அந்த வழியில் வந்தது.