ஏற்றப் பாட்டும் ஞானப் பாட்டும்

ஒரு சமயம் மக்களின் உள்ளத்திலே வேரூன்றுவதற்குச் சாத்திர நூல்கள் மட்டும் போதுவதில்லை. வேலை செய்யும்போதும் விளையாடும்போதும் வாய் தானாக முணுமுணுக்கின்ற பாட்டின் வழியாக அது புகவேண்டும். மாணிக்கவாசக சுவாமிகள் இந்த உண்மையை நன்குணர்ந்தவர். அம்மானை, ஊசல், சாழல், பொற்சுண்ணம் என்பன பெண்கள் ஆடியும் இடித்தும் பாடிய பாடல் வகைகள். அவற்றையே அவர் திருவாசகத்தில் இறைவனுக்கு உரியனவாக்கினார். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ சமயமும் பிற்காலத்தில் இதே வழியை நாடியது. அந்த வரலாற்றையே இன்று சிந்திப்போம்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர் வழிவந்த ஜெர்மானியப் பாதிரிமாரும் தமிழை ஆர்வத்தோடு கற்றார்கள். தம் நாட்டுத் தேவாலயப் பாடல்களை மொழிபெயர்த்தும் தந்தார்கள். ஆயினும் மெட்டு ஜெர்மனியினதாகவே இருந்தது. தமிழிலே குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. 'கல்' என்பதை நீட்டினால் 'கால்' ஆகிவிடும். 'பல்' என்பதை நீட்டினால் 'பால்' ஆகிவிடும். அயல்நாட்டு மெட்டு நீளச் சொன்ன இடத்தில் சொல் நீள முடியாமலும், குறுகச் சொன்ன இடத்தில் குறுக முடியாமலும் தவித்தது. பாட்டு ஆலயத்திற்குள் ஒலித்தது. ஆனால் வயலுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் அது எளிதிற் சென்று சேரவில்லை.

இந்தக் குறையை நீக்கியவர்களுள் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியிற் பிறந்த இவரை, இளமையிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டியவர் சுவார்ட்ஸ் ஐயர். அதே சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த மற்றொருவர், பின்னர் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. கர்நாடக இசையும் நாட்டியமும் செழித்த அந்நகரிலே, கிறிஸ்தவராகிய சாஸ்திரியார் தமிழ்ப் பாடல் மரபிலே தோய்ந்து வளர்ந்தார்.

1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றியது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்பது அக்காலத்து மக்கள் கூடியிருந்து பார்த்து மகிழ்ந்த நாடக வகை. தலைவன் உலா வருவான்; தலைவி அவன்மேற் காதல் கொள்வாள்; குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்லுவாள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சாஸ்திரியாரோ கிறிஸ்துநாதரைத் தலைவராக்கினார், தேவமோகினி என்னும் தலைவியைப் படைத்தார், விசுவாசத்தையே குறத்தியாக்கினார். குறி கேட்கப் பழகிய மக்களுக்கு இதன் கருத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'எனக்கு நற்காலம் எப்போது பிறக்கும்' என்று குறத்தியிடம் கையை நீட்டிய உள்ளம், 'என் வாழ்வு எங்கே செல்கின்றது' என்று விசுவாசத்திடம் கேட்கலாயிற்று.

கும்மி, ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம் ஆகியவற்றையும் அவர் கையாண்டார். சோழநாட்டு ஏற்றம் நமது துலாவைப் போன்றது. எத்தனை சால் நீர் இறைத்தோம் என்பதை ஏற்றப்பாட்டின் எண்ணே கணக்கு வைக்கும். நொண்டி நாடகத்திலே, தீயவழி நடந்து காலிழந்த ஒருவன் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே சொல்லி, இறையருளால் நலம் பெறுவான். இசுலாமியப் புலவரும் சீதக்காதி நொண்டி நாடகத்தில் இவ்வடிவை ஏற்றனர். மனந்திரும்புதலைப் போதிக்க இதனினும் பொருத்தமான வடிவம் ஏது? கேட்பவன் நொண்டியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, இறுதியில் தன்னையே நினைத்துக்கொள்வான்.

இங்கே வரலாறு நம்மை ஒரு கசப்பான உண்மையின் முன் நிறுத்துகின்றது. தஞ்சைக் கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமை நீங்கவில்லை. ஆலயத்திலே பிரிந்திருந்தார்கள்; நற்கருணைப் பந்தியிலும் முன் பின் பார்த்தார்கள். புதிதாக வந்த பாதிரிமார் சிலர் இதனை ஒழிக்க முற்பட்டபோது, 1829இல் அவர்களை மறுத்து எழுதியவர் வேறு யாருமல்லர், இதே சாஸ்திரியார்தாம். இது முன்னோர் வழக்கம், இதனைத் திருத்தப் புகுவது தகாது என்பது அவர் கட்சி. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் சாதி வேற்றுமையைக் கைவிடவேண்டுமெனக் கட்டளையிட, பலர் ஆலயத்தை விட்டே விலகினார்கள்.

ஆனால் பாட்டு அதனை இயற்றியவரின் சொல்லைக் கேட்டு நிற்கவில்லை. ஏற்றப்பாட்டு நீர் இறைப்பவனுடையது. கும்மி கைகொட்டி வட்டமிடுபவர்களுடையது. எந்த எளிய மக்களின் வடிவங்களை அவர் எடுத்தாண்டாரோ, அவர்களிடமே அவை திரும்பிச் சென்றன. பல்லவியை ஒருவர் பாட, சபையார் அனைவரும் ஒரே குரலாகத் திருப்பிப் பாடினர். பந்தியிலே பிரிந்திருந்தவர்கள் பாட்டிலே பிரிந்திருக்க இயலவில்லை. புலவர் தம் வாழ்விலே தாண்டாத வரம்பை அவருடைய பாடல்கள் தாண்டின.

1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்துச் சென்னையில் வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதிலே சிறப்பிடம் பெற்றன. அந்த மதுரை மிஷனோ 1834இல் நம் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து சென்றவர்களால் தொடங்கப்பட்டது. இங்கிருந்து கடல் கடந்து சென்ற பணி, கீர்த்தனையாக மீண்டும் நமது கரையை அடைந்தது. 1864இல் சாஸ்திரியார் மறைந்தபின்னும் அவர் பாடல்கள் இரு கரைகளிலும் நிலைத்தன. இன்றும் ஆலயங்களிலே ஒலிக்கின்றன.

ஒரு பாட்டு நமக்கு மிகவும் பழகிப்போகும்போது, நாவு பாட உள்ளம் உறங்கிவிடக்கூடும். சாஸ்திரியாரின் வரலாறு அவ்வுறக்கத்தைக் கலைக்கின்றது. அவருடைய பெருமையையும் குறையையும் ஒருங்கே அறிந்துகொள்வதால் அவர் பாடல்களுக்கு இழுக்கு நேராது. பாடல் இனிமையாயிருக்கின்றதா என்பது முதற்கேள்வி. பாடுகின்ற வாய் சொல்வதை, பக்கத்தில் இருப்பவனிடம் நம் கைகள் செய்கின்றனவா என்பதே அடுத்த கேள்வி. அது எந்தச் சமயத்துப் பாட்டைப் பாடுவோர்க்கும் பொதுவான கேள்வியாகும்.