கடுங்கணைய அழற்சி: நொதிகளும் தடுப்பான்களும்

கடுங்கணைய அழற்சி என்பது, கணையம் தான் சுரக்கும் செரிமான நொதிகளாலேயே அரிக்கப்படும் திடீர் நோய். இந்தத் 'தற்செரிமான'க் கருத்தை 1896இல் முன்வைத்தவர் ஹான்ஸ் கியாரி.

டிரிப்சினோஜன் என்னும் முன்நொதி செயலற்ற வடிவிலேயே கணையத்தை விட்டு வெளியேறி, முன்சிறுகுடலில் என்டரோகைனேஸ் என்னும் நொதி பட்டதும் டிரிப்சினாக மாறுவதே இயல்பு. பித்தக்கல்லோ மதுவோ கணையச் செல்களைச் சீர்குலைத்தால், செல்லுக்குள்ளேயே கத்தெப்சின் பி என்னும் நொதி டிரிப்சினோஜனை முன்கூட்டித் தூண்டிவிடுகிறது. டிரிப்சின் பிற நொதிகளையும் எழுப்பும். லைபேஸ் சுற்றியுள்ள கொழுப்பைச் சிதைக்க, விடுபடும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து வெண்திட்டுகளாகப் படிகின்றன. இரத்தத்தில் கால்சியம் குறைய இதுவும் ஒரு காரணம்.

காவலும் உண்டு. தவறி எழும் சிறிதளவு டிரிப்சினை ஸ்பிங்க்1 என்னும் புரதம் அடக்கிவிடும். அதன் மரபணுவில் பிழை இருந்தால் நோய்வாய்ப்பு கூடும்.

அப்படியானால் தடுப்பானையே மருந்தாகத் தரலாமே? மாட்டு உறுப்புகளிலிருந்து எடுத்த அப்ரோட்டினின் பெரும் நம்பிக்கை ஊட்டி, சோதனைகளில் ஏமாற்றியது. கேபெக்சேட், நாஃபமோஸ்டாட் ஆகியவை ஜப்பானில் வழக்கத்துக்கு வந்தும், இறப்பைக் குறைப்பதாக உறுதிப்படவில்லை. வலியோடு நோயாளி மருத்துவமனைக்கு வந்துசேரும்போதே நொதிகளின் வேலை பெரும்பாலும் முடிந்து, உடல் முழுதும் அழற்சி பரவத் தொடங்கியிருக்கும்.

இரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைபேஸ் இயல்பின் மேல்வரம்பைப்போல் மும்மடங்காவது உயர்வது நோயறிய உதவும். நோயின் கடுமையை அந்த எண் காட்டாது.