படுக்கையிலிருந்து படலைக்கு



மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், வாழைச்சேனையை அடுத்து அமைந்துள்ள ஓட்டமாவடியை உங்களிற் பலர் அறிவீர்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் தெருவும் புகையிரதப் பாதையும் இவ்வூரிலேதான் வாவியைக் கடக்கின்றன. நீரும் வயலும் தென்னையும் சூழ்ந்த இத்தகைய ஊரிலே ஓர் உழைப்பாளியின் வாழ்வு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியிலேயே கழிகின்றது. விடியலில் தோணி, பகலில் வயல், மாலையில் கடைத்தெரு, வெள்ளிக்கிழமையில் ஜும்ஆத் தொழுகை என்று அவரது நாட்கள் விரிந்து கிடக்கின்றன.

அத்தகைய ஒருவர் தேங்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து தவறி விழுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இஃது அரிதாக நேர்வதன்று. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முள்ளந்தண்டு முறிவதற்கான முதன்மைக் காரணங்களுள் மரத்திலிருந்து விழுதலும் ஒன்றாகும். வைத்தியசாலையில் உயிர் காப்பாற்றப்படுகின்றது. ஆனால், என்புகளின் நடுவே ஓடும் முண்ணாண் நசிந்துவிட்டமையால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வீடு திரும்பியவருக்கு உலகம் ஒரு கட்டிலாகவும் ஒரு சன்னலாகவும் சுருங்கிவிடுகின்றது. "பிழைப்பேனா?" என்ற கேள்வி ஓய்ந்து, "நான் மறுபடியும் எப்போது படலையைத் தாண்டுவேன்?" என்ற கேள்வி எழுகின்றது. இக்கேள்விக்கு மனிதகுலம் எவ்வாறு விடை தேடியது என்பதையே இன்று நோக்குவோம்.

நெடுங்காலம் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. பண்டை எகிப்திய மருத்துவ ஏடொன்று இத்தகைய காயத்தைச் சிகிச்சைக்கு உட்படாத பிணியென்று ஒதுக்கியது. முதலாம் உலகப் போரின் காலத்திலும் முண்ணாண் நசிந்த வீரர்களிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்வழி நோயாலும் மாண்டனர். அவர்களைக் கொன்றது முறிந்த என்பன்று. அசையாமற் கிடந்த கிடையே.

இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் வைத்தியர். யூதராகிய அவர் ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்தார். 1944 பெப்ரவரி முதலாந் திகதி ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயமுற்றோருக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கிற்று. அங்கே நோயாளரை இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிக் கிடத்தினர். இந்த எளிய ஒழுக்கமே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. குட்மனோ அவ்வளவில் அமையவில்லை. உயிர் தப்பியவர்களை வெயிலுக்கும் காற்றுக்கும் அழைத்து வந்து, அவர்களின் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 யூலை 29, இலண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். 1960இல் ரோமாபுரியில் அது 23 நாடுகளின் 400 வீரர்கள் பங்குகொண்ட விழாவாயிற்று. இன்று பாரா ஒலிம்பிக் என்று நாம் அழைப்பது அதனையே.

உயிரைக் காத்தது வைத்தியம். வெளியே கொண்டுவந்ததோ ஊர்தி. அந்த ஊர்தியின் வரலாற்றை ஆராய்ந்தால் வியப்பான ஓர் உண்மை புலனாகின்றது: அதனை முன்னேற்றியவர்களிற் பலர் அதிலேயே அமர்ந்திருந்தவர்கள்.

1655ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில், நடக்க இயலாத ஸ்டீபன் பார்ப்ளர் என்ற மணிக்கூட்டுக் கைவினைஞர், மணிக்கூட்டில் தாம் கண்ட பற்சக்கரங்களைக் கொண்டே, கையாற் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியொன்றைத் தமக்காகச் செய்துகொண்டார். பின்னாளில் அமெரிக்காவில், சுரங்க விபத்தொன்றிற் கால்களின் இயக்கத்தை இழந்த ஹேர்பேட் எவரெஸ்ற் என்ற பொறியியலாளர், தம்முடைய கனத்த நாற்காலி மோட்டார் வண்டிக்குள் அடங்காததைக் கண்டு வருந்தினார். அவர் தம் நண்பர் ஹரி ஜெனிங்ஸுடன் சேர்ந்து 1933இல் மடிக்கத்தக்க உருக்குக்குழாய் நாற்காலியை உருவாக்கினார். வைத்தியசாலை விறாந்தையில் உருண்ட நாற்காலி அன்றுதான் ஊர்விட்டு ஊர் செல்லக் கற்றது.

நமது மண்ணுக்கு அண்மையிலும் இதே கதையைக் காண்கிறோம். 1954இல் மேரி வர்கீஸ் என்ற இளம் வைத்தியர், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய காலத்தில், வீதி விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீர்செய்யும் சிகிச்சையை அமர்ந்தவாறே செய்யலாம் என்று அவருக்குக் காட்டினார். அம்மையாரும் சக்கர நாற்காலியிலிருந்தே சத்திரசிகிச்சை செய்யத் தலைப்பட்டார். பின்னர் அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வேலூருக்குத் திரும்பி, அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தென் தமிழகத்தின் ஆய்க்குடியில் மற்றொருவர் எழுந்தார். 1975இல் கடற்படைத் தேர்வின் உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தம் சொந்தக் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். ஓலைக் கொட்டகையொன்றில் ஒரு சில பிள்ளைகளுடன் தொடங்கிய அப்பணி, பின்னர் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் பரந்தது. பட்டணத்து வைத்தியசாலையோடு மறுவாழ்வு முடிந்துவிடுவதில்லை. அது கிராமத்து மண்ணிலும் நிகழ வேண்டும் என்பதை அவர் நிலைநாட்டினார்.

நேயர்களே, மண் என்றேன். அங்கேதான் ஓட்டமாவடியின் சிக்கலும் இருக்கின்றது. வைத்தியசாலையின் வழுவழுப்பான தரைக்கென்று செய்யப்பட்ட நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள், மணல் ஒழுங்கையிற் பத்தடி செல்லுமுன் புதைந்துவிடும். பின்னே தள்ளுவோர் இருவரானாலும் பயனில்லை. அன்பளிப்பாக வந்த நாற்காலி சில வாரங்களில் வீட்டு மூலையில் துருவேறத் தொடங்கும். "இவருக்கு வெளியே போக விருப்பமில்லை" என்று அயலவர் எண்ணுவர். குறை மனிதரிடத்தில் இல்லை, சக்கரத்தில் இருக்கின்றது.

இதனை நன்கு உணர்ந்தவர் ரால்ப் ஹொட்ச்கிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். 1966இல் மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் அவரும் கால்களின் இயக்கத்தை இழந்தவர். 1980இல் நிக்கராகுவா நாட்டுக்குச் சென்றபோது, ஒரே நாற்காலியை நான்கு இளைஞர்கள் பங்கிட்டுப் பயன்படுத்துவதைக் கண்டார். அவர்களுக்குக் கற்பிக்கச் சென்றவர் அவர்களிடமே கற்றார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரத்தைக் கூட்டினால் மேடுபள்ளத்தில் முன்புறம் கவிழாது. முன்சக்கரம் அகன்ற இறப்பராக இருந்தால் மணலிற் புதையாது. சைக்கிள் உதிரிப்பாகங்களைக் கொண்டு செய்தால் ஊர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கலாம். அந்த அகன்ற முன்சக்கரம் ஆபிரிக்காவில் உருப்பெற்றமையால் ஸிம்பாப்வேச் சக்கரம் என்றே பெயர்பெற்றது. தூரம் செல்வோருக்குக் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியும் உண்டு; பார்ப்ளர் கண்ட வண்டியின் வழித்தோன்றல் என்று அதனைக் கூறலாம்.

வெளியே செல்பவர் மறவாதிருக்கவேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. உணர்ச்சியற்ற தோல் தன் துன்பத்தைச் சொல்லாது. வெயிலிற் காய்ந்த தோணிப் பலகை சுட்டாலும் தெரியாது. ஆதலின் தகுந்த மெத்தையின்மீது அமர்வதும், கால்மணிக்கு ஒரு தரம் கைகளை ஊன்றி உடலைச் சற்று உயர்த்துவதும், மாலையிற் கண்ணாடி கொண்டு தோலைப் பார்ப்பதும் இன்றியமையாதன.

நல்ல சக்கரம் கிடைத்தபின்னும் ஒரு தடை எஞ்சுகின்றது. அதுதான் படி. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளை வகுத்தது. பொதுக் கட்டடங்களின் நுழைவழி குறித்த பிரமாணங்கள் 2006இல் வெளியாயின. எனினும் அவை ஏட்டளவிலேயே நின்றன. கிரிக்கெட் நடுவராகத் திகழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா, 1992இல் தம் காரின்மீது வீதியோர மரம் சாய்ந்ததாற் கால்களின் இயக்கத்தை இழந்தவர். அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் அப்பிரமாணங்களைப் பேணவேண்டும் என்று 2011 ஏப்பிரல் 27இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. மைதானத்திலே தீர்ப்புச் சொன்னவர், வாசற்படிக்கும் ஒரு தீர்ப்பைப் பெற்றுத் தந்தார்.

பார்ப்ளர் முதல் பெரேரா வரை அனைவரும் உணர்த்தும் பாடம் ஒன்றே. வீட்டினுள் இருப்பவருக்கு எது வேண்டும் என்பதை வெளியிலிருந்து நாமே முடிவு செய்யலாகாது, அவரையே கேட்கவேண்டும். எந்த ஒழுங்கையில் சக்கரம் புதைகின்றது, எந்தப் படி தடுக்கின்றது என்பதை அறிந்தவர் அவரே. ஓர் அடி உயரமுள்ள படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவுப்பாதை போதுமானது. சில மூடைச் சீமெந்தும், ஒரு மேசனின் இரண்டொரு நாள் உழைப்பும் இருந்தால் அது நிறைவேறும்.

ஓட்டமாவடியில் முன்னர் புகையிரதமும் ஏனைய வாகனங்களும் ஒரே ஒடுங்கிய பாலத்தில் முறைவைத்துச் சென்றன. 2010இல் வாகனங்களுக்கென்று தனிப் பாலம் திறக்கப்பட்டது. வாவிக்கு மேலாக இரண்டு பாலங்களைக் கண்ட ஊருக்கு, ஒரு வாசற்படிக்கு மேலாக மூன்றாவது பாலத்தை அமைப்பது அரிய செயலாகுமா? அது அமையும் நாளில், கட்டிலிற் கிடந்தவர் படலையைத் தாண்டி, வாவிக்காற்றைத் தம் முகத்தில் மறுபடியும் உணர்வார்.