மலையிறக்கமும் சக்தி மீட்பும்
ஏற்றத்திற்கு வலிமை வேண்டும். இறக்கத்திற்கோ அடக்கம் வேண்டும். 1885இல் நானுஓயாவை எட்டிய புகைவண்டியும், பின்வந்த மோட்டார் வண்டியும் இறங்குசக்தியைப் பெரும்பாலும் தடைகளில் வெப்பமாக்கியே இழந்தன. அதனை மின்னாக மீட்கும் முறை இத்தாலியின் ஜோவி மலைப்பாதையில் 1910இலேயே கையாளப்பட்டது. 1997இல் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் அம்முறையை ஹைபிரிட் காரின் வழியே பலர்க்கும் உரியதாக்கியது.

ஆயினும் மீட்புக்கும் எல்லையுண்டு. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் 1,400 கிலோ கார் ஏறத்தாழ 5 கிலோவாற்று மணி சக்தியை விடுவிக்கும். உருளலிலும் காற்றிலும் ஒரு பகுதி கழியினும், 2009ஆம் ஆண்டுப் பிரியசின் மின்கலம் கொள்வது 1.3 மட்டுமே. கலம் நிரம்பின் மீட்பு குன்றும். சுமை சக்கரத் தடைமேல் விழும். ஆதலின், தொடக்கத்தில் மிதியை மெல்ல அழுத்தி மின்னை மீட்டு, கலம் நிரம்புமுன் ‘பி’ நிலைக்கு மாறி இயந்திரத் தடையைத் துணைக்கொள்வதே அறிவுடைமை. சிக்கனம் தேடுவோன் உயிர்க்காவலை மறத்தலாகாது.