மியூச்சுவலும் முதலும்

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுகிறவர்கள் பெருகப் பெருக, 'மியூச்சுவல்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'முதல்' என்பதிலிருந்து போனதுதான் என்று சாதிப்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஒலியும் ஒத்துவருகிறது, பணமும் ஒத்துவருகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். அந்தக் கடைசி 'ல்' பிரெஞ்சு விகுதி ஒட்டியதால் வந்தது. லத்தீன் மூலம் 'மூதுவுஸ்'. அதில் லகரமே கிடையாது. வழக்கு அத்துடன் முடிந்தது.

இந்த விளையாட்டில் ரோமர்களும் சளைத்தவர்கள் அல்லர். 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ், கடனில் 'மேயும்' (என்னுடையது) 'தூவும்' (உன்னுடையது) ஆவதால் அது 'மூதுவும்' என்று பிரித்துக் காட்டினார். அழகான பிரிப்பு, ஆனால் பிழை. 'மாற்று' எனப் பொருள்படும் 'மூதாரே' என்ற வினையின் உறவே சரி.

சொல்லில் சறுக்கினாலும் பொருளில் காயுஸ் கெட்டி. ரோமச் சட்டத்தில் மூதுவும் என்பது ஒருவகைக் கடன். தானியமோ மதுவோ எண்ணெயோ காசோ, வாங்கியவனுக்கே அது சொந்தமாகிவிடும்; தின்று தீர்க்கலாம். அதே இனத்தை அதே அளவில் திருப்பினால் போதும். வட்டி வேண்டுமென்றால் தனியே ஒப்பந்தம் பேச வேண்டும். வள்ளுவர் 221ஆம் குறளில் 'குறியெதிர்ப்பை' என்பது இதையேதான். புறநானூறு 163இல், குமணன் தந்த வளத்தைப் பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பகிரச் சொல்லும்போது, அப்படிக் கடன் தந்தவர்களையும் மறக்கவில்லை. நம் கைமாற்றும் 'மாற்று' என்பதிலேயே நிற்கிறது. அதற்காக மூதாரேயை நமக்குச் சம்பந்தியாக்க வேண்டாம். கருத்து ஓடிய தடம் ஒன்று, அவ்வளவே.

மூதாரே வேரின் இன்னொரு கிளை 'மூனுஸ்': கடமை, கொடை. முனிசிபாலிட்டி அதில் பிறந்தது. கடமையிலிருந்து விலக்குப் பெற்றவனைச் சொன்ன 'இம்யூன்' இன்று தடுப்பூசிப் பேச்சில் வாழ்கிறது. பொது என்னும் 'காமன்' அதே கிளைதான்.

இந்தக் காமனை மறந்ததால் வந்தது 'மியூச்சுவல் ஃப்ரெண்ட்' சண்டை. ஒருவருக்கொருவர் என்ற பொருளில் மட்டுமே மியூச்சுவல் வரலாம், இருவருக்கும் பொதுவான நண்பரைக் 'காமன் ஃப்ரெண்ட்' என்க என்பது இலக்கணக் காவலர் கட்சி. 1831இல் மெக்காலே 'மியூச்சுவல் ஃப்ரெண்ட்' என்பதைக் கொச்சை என்று கடிந்தார். டிக்கன்ஸ் அசரவில்லை; 1864-65இல் அதையே நாவலின் தலைப்பில் வைத்தார். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' கடைசி அங்கத்தில், இசை கேட்டு முரட்டுக் குதிரைக்குட்டிகள் ஒருசேர நிற்பதற்கும் 'மியூச்சுவல்' என்ற சொல்தான். கடன்பத்திரத்தைச் சுற்றி நடக்கும் நாடகம் என்பது கூடுதல் பொருத்தம். காமனும் மியூச்சுவலும் ஒருதாய் மக்கள். ஒன்றை நுழையவிட்டு மற்றதை வாசலில் நிறுத்தியது வெறும் பண்டிதப் பிடிவாதம். டிக்கன்ஸ் எழுதியதே சரி.