திறப்பைக் கொடுப்பதற்கு முன்: கொந்தராத்துக்காரரின் பற்றுரிமை

1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்ட விடத்தல்தீவு மக்களில், 2009க்குப் பின் ஊர் திரும்பியவர்கள் முதலில் செய்தது கட்டட வேலைதான். உடைந்த சுவரை எழுப்பினார்கள், கூரை போட்டார்கள். இன்று எமது மேசன்மாரும் ஓடாவிமாரும் கடைத்தொகுதி, களஞ்சியம், விடுதி என்று வர்த்தகர்களுக்கும் கட்டிக்கொடுக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் கூலி பாக்கி வைத்தால் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லலாம். கொழும்பில் பதிவான கம்பனி பாக்கி வைத்தால் யாரிடம் சொல்வது?

இந்த இடத்தில்தான் சட்டத்தரணிகள் 'லீன்' என்று சொல்லும் பற்றுரிமை முக்கியமாகிறது. வேலை செய்தவர், தனக்குரிய பணம் கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தன் வசம் தடுத்துவைக்கும் உரிமை அது. எமது நாட்டின் பொதுச் சட்டமான ரோம-டச்சுச் சட்டத்தில் அது வேரூன்றியது. இஸ்லாமிய சட்ட மரபுக்கும் இது புதிதல்ல. உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா, தையற்காரர், சாயமிடுபவர் போல் பொருளிலேயே தன் வேலையின் அடையாளத்தைப் பதிப்பவருக்குக் கூலிக்காக அதைத் தடுத்துவைக்க இடமளித்தது. சுமை தூக்குபவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை.

திருத்த வந்த படகு இயந்திரம் உங்கள் பட்டறையில் இருக்கிறது என்றால் விடயம் எளிது. திருத்தக் கூலி வரும்வரை அதைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். ஆனால் நீங்களாக விற்க முடியாது. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும்.

கட்டடத்தில் நிலைமை சிக்கலானது. பற்றுரிமையின் உயிர் 'வசம்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. வேலைத்தளம் உங்கள் பொறுப்பில், திறப்பு உங்கள் கையில், காவலாளி உங்கள் ஆள் என்றால் அது உங்கள் வசம். உரிமையாளர் ஏற்கனவே கடையைத் திறந்து வியாபாரம் செய்ய, நீங்கள் பின்னால் ஓர் அறைக்குப் பூச்சுப் பூசுகிறீர்கள் என்றால் அது உங்கள் வசம் இல்லை. திறப்பு விழாவுக்கு அவசரம் என்று திறப்பை வாங்கிக்கொண்டு, "மிச்சத்தை அடுத்த மாதம் தாறன்" என்று சொல்லும் அந்தக் கணத்தில் உரிமை போய்விடுகிறது. பிறகு இரவில் போய்ப் பூட்டுப் போட்டால் அத்துமீறல் வழக்கு உங்கள் மேல்தான் வரும். மாறாக, உங்கள் வசம் இருந்த தளத்திலிருந்து ஆள்பலத்தால் துரத்தப்பட்டால் உடனே பொலிஸில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, அந்தத் தகவல் நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்படுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவரை மீள அமர்த்த உத்தரவிடலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். இணையத்தில் தேடினால் 'காணியின் மேல் லீன் பதிவு செய்யுங்கள்' என்ற ஆலோசனை நிறைய வரும். அது அமெரிக்கச் சட்டம். வாஷிங்டன் நகரைக் கட்டும் காலத்தில், 1791இல் மேரிலாந்து சட்டமன்றம் தொடக்கிவைத்த முறை. அங்கே தளத்தை விட்டுப் போன பின்னும் காணியின் மேல் கோரிக்கையைப் பதியலாம். இலங்கையில் கொந்தராத்துக்காரருக்கு அப்படியொரு பதிவு இல்லை. காணியில் பிணை வேண்டுமானால் உரிமையாளர் சம்மதித்து, நொத்தாரிசு முன் ஈட்டு உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பெரிய வேலையென்றால் தொடங்கும் முன்பே அதைக் கேட்பதில் வெட்கமில்லை. வங்கி கேட்கிறது, நாம் ஏன் கேட்கக்கூடாது? காணி அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் அப்போதே பாருங்கள். அப்படியானால் ஈடு வைப்பதற்கும் கடனுக்காக விற்பதற்கும் தடைகள் உண்டு.

வசம் போய்விட்டதா? இனி எஞ்சியிருப்பது வழக்கு. அதற்கு எதிரி காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் தருகிறது. எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். செய்த வேலைக்கான கூலி, கொடுத்த பொருளின் விலை, கடைக் கணக்கு ஆகியவற்றுக்கு ஒரே வருடம்தான். வாய்ப்பேச்சில் கட்டிக்கொடுத்தவர் தனக்கு மூன்று வருடம் உண்டு என்று நம்பியிருக்க, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இது வெறும் கூலிக் கோரிக்கை என்று சொல்லி ஒரு வருடக் கதவைச் சாத்தப் பார்ப்பார். ஆகவே ஒரு வருடம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எமது ஆட்கள் பொறுமைசாலிகள். "பெருநாள் கழியட்டும், அவரும் கஷ்டத்தில் இருக்கிறார்" என்று காத்திருந்தே வருடத்தைக் கடத்திவிடுவார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் கொண்டுவரப்பட்ட 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இதற்கும் உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது காணி போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும். கூலிப் பாக்கிக்கு அல்ல.

காலத்தைப் புதுப்பிக்க வழி உண்டு. கடனாளி கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், அல்லது கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினால், கணக்கு அன்றிலிருந்து மீண்டும் தொடங்கும். எனவே ஐயாயிரம் தந்தாலும் வாங்குங்கள். ஆனால் எந்த வேலையின் பாக்கியில், எவ்வளவு மிச்சம் என்று எழுதி ஒப்பம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "தாறன் பாஸ்" செய்தியையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக்க இடமளிக்கிறது. பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வர்த்தக விடயத்தில் வந்த கடிதத்துக்குப் பதிலே எழுதாமல் இருந்தால், அந்த மௌனம் அவருக்குப் பாதகமாகவும் எடுக்கப்படலாம்.

சிறிய தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் வராவிட்டால் அங்கே தரும் சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தாக்கல் செய்ய முடியாது. அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால் பதினோராவது மாதத்தில் போய் நிற்காதீர்கள். கையில் திரும்பிய காசோலை இருந்தால் நிலை இன்னும் நல்லது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் சுருக்க முறையில் வழக்கிடலாம். அங்கே எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் எதிர்வாதமே செய்ய முடியும்.

உப கொந்தராத்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் பிரதான கொந்தராத்துக்காரரோடுதான், கட்டட உரிமையாளரோடு அல்ல. மேலே இருப்பவர் வாங்கிக்கொண்டு மறைந்தால், உரிமையாளர் தான் கொடுத்துவிட்டதாகக் கணக்கைக் காட்டுவார். வேலைக்கு இறங்கும் முன், உங்கள் பங்கை நேரடியாக உங்களுக்கே தருவதாக உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.